நாலு குடம் தண்ணீரும் தீராத தாகமும்

மழை இப்போதைப் போலவே சொன்ன பேச்சு கேட்காத ஒரு காலத்தில், மஞ்சணை நாட்டை மகுடவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். ஆண்ட நேரம் போக மிச்ச நேரமெல்லாம் தன் முகத்தை ரசிப்பதுதான் அவனுக்கு வேலை.

அந்த ஆசைக்குத் தூபம் போட்டே பதவிக்கு வந்தவர் பாசன அதிகாரி அழகப்பெருமாள். தினமும் காலையில் மேளம் கொட்டி, அரண்மனைத் திராட்சைத் தோட்டத்துக்குத் தண்ணீர் திறப்பார். உப்பரிகையில் நிற்கும் ராஜாவுக்குத் தன் முகம் தண்ணீரில் தெரியும்வரை மடையை அடைக்க மாட்டார். கொடிகள் வேரழுகி மஞ்சளடித்துக் கிடந்தன. பழமோ சப்பென்று இருந்தது. சபையில் எல்லோரும் "அமிர்தம்! அமிர்தம்!" என்று சொல்லித்தான் விழுங்கினார்கள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஏரியில் மிஞ்சியதையெல்லாம் அழகப்பெருமாள் அரண்மனைக்கே திருப்பிவிட்டார். ஊர்த் தோட்டங்கள் கருகின. அப்போது ஒச்சம்மா என்ற குடியானவப் பெண் ஒரு கூடைத் திராட்சையோடு சபைக்கு வந்தாள்.

"மகாராசா, இது என் கிணத்துல கிடந்த கொஞ்சத் தண்ணியில விளைஞ்சது. இப்ப அதுவும் வத்திக்கிட்டு வருது. ஊர் மடையைத் திறந்துவிடுங்க."

ராஜா ஒரு பழத்தை வாயில் போட்டான். கூடை காலியாகும்வரை கையை எடுக்கவே இல்லை.

தன் பதவியையே ராஜா மென்று தின்பதுபோல் இருந்தது அழகப்பெருமாளுக்கு. "கொஞ்சத் தண்ணீரில் திராட்சையா? நம் மடையை உடைத்துத் திருடியிருக்கிறாள், மகாராஜா!"

"நாளை மதியம் உன் தோட்டத்துக்கு வந்து பார்க்கிறேன். திருடவில்லை என்று காட்டினால் மடை திறக்கும். இல்லையென்றால் உன் கை இருக்காது" என்றான் ராஜா.

மறுநாள் உச்சி வெயிலில் சபையே ஒச்சம்மாவின் தோட்டத்துக்குக் கிளம்பியது. பந்தல் முழுக்கக் கொத்துக்கொத்தாய்ப் பழம். கீழே வெறும் புழுதி.

"பார்த்தீர்களா! ஒரு சொட்டு ஈரம் இல்லை. திருட்டை மறைக்கத் தரையைக் காயவிட்டிருக்கிறாள்!" என்று கத்திக் கத்தியே அழகப்பெருமாளுக்குத் தொண்டை வறண்டது. "ஏய், குடிக்கத் தண்ணீர் கொண்டு வா!"

ஒச்சம்மா நாலு குடம் கொண்டுவந்தாள். "சாமி, இந்தக் கொடிக்குப் பக்கத்துல நில்லுங்க" என்றாள். நின்றார். நாலு குடத்தையும் அவர் தலையில் கவிழ்த்தாள். தலைப்பாகை சரிந்தது. மீசைக்குப் பூசியிருந்த மை கன்னத்தில் வழிந்தது.

"அடியே! என்ன காரியம் செய்தாய்?"

"தண்ணி கேட்டீங்க. நாலு குடம் குடுத்தேன். தாகம் தீர்ந்துச்சா?"

"தலையில் ஊற்றினால் எப்படித் தீரும்? வாயில் ஊற்ற வேண்டாமா?"

"அதைத்தான் சாமி நானும் சொல்ல வந்தேன். கொடிக்கு வாய் வேருல இருக்கு. நீங்க மேளம் கொட்டித் தோட்டம் பூரா ஊத்துறீங்க."

அவள் குனிந்து கொடியடியில் மண்ணைத் தள்ளினாள். மூடி போட்டுப் புதைத்த மண்பானை ஒன்று தெரிந்தது. பக்கத்தில் இன்னும் தோண்டினாள். தண்ணீர் கசியும் பானையை வேர்கள் சுற்றிப் பிடித்திருந்தன.

"மூணு நாளைக்கு ஒரு தடவை ரொப்பினாப் போதும். வெயிலும் குடிக்காது, புல்லும் குடிக்காது. இப்ப இவரு தலையில போனது நாலு கொடிக்கு ஆகுற தண்ணி. இந்தக் கொடிப்பக்கம் நின்னதால இதுக்காவது ஆச்சு."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஊர் மடையை இன்றே திறங்கள்! அரண்மனைத் தோட்டத்திலும் கொடிக்கு ஒரு பானை. குழி தோண்டுவது அழகப்பெருமாள், தன் கையாலேயே!"

சொன்ன பிறகுதான் அவனுக்கு முக்கியமான கவலை வந்தது. "அப்படியானால் நான் முகம் பார்ப்பது எங்கே?"

"பானைக்குள்ள பாருங்க மகாராசா, தெளிவாத் தெரியும்" என்றாள் ஒச்சம்மா. "ஆனா அதுக்குக் குனியணும்."

ராஜா சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு கிரீடத்தைக் கழற்றி, நனைந்து நின்ற அழகப்பெருமாள் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தான்.