நடுங்காத கை

“மேடம், நாளைக்கு நான் பேஷண்டைத் தொட மாட்டேன்.”

பல் மருத்துவக் கல்லூரியின் பயிற்சிக்கூட வாசலிலேயே நின்று சொன்னாள் பெனிட்டா. மூன்றாம் வருஷம். மறுநாள்தான் அவளுக்கு முதல் நோயாளி.

பயிற்சி ஆசிரியர் டாக்டர் நஸீமா நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன்?”

“நேத்து மெஷின்ல பல்லைக் குடைஞ்சிட்டிருந்தேன். திடீர்னு உள்ள இறங்கிடுச்சு.”

அது பயிற்சி மெஷின்; கண்ணை மறைத்து மாட்டும் பெரிய கண்ணாடிக்குள் தெரிவது வெறும் படம்தான். ஆனால் கையில் பிடிக்கும் கோல், நிஜப் பல்லைப் போலவே எதிர்த்துத் தள்ளும். கெட்டியாக இருந்த அந்தப் பிடிமானம் சட்டென்று இல்லாமல் போனது. துளை நரம்புவரை போய்விட்டது. படம் முழுக்கச் சிவந்தது.

“பட்டனை அமுக்கினேன். பல்லு பழையபடி முழுசா வந்துடுச்சு. ஆனா அது விரலை விட்டுப் போகல மேடம். சோறு பிசையும்போதுகூட இறங்குற மாதிரியே இருக்கு.”

வலது கையை நீட்டினாள். நடுங்கியது.

“இந்தப் பயம் எப்ப மேடம் போகும்?”

நஸீமா எழுந்து அவளை உள்ளே கூட்டிப்போனார்.

கடைசி மெஷினில் துரைப்பாண்டி இருந்தான். அவளுடைய வகுப்புதான். காலையிலிருந்து பதினேழு பல் முடித்திருந்தான். அதில் நாலு உடைந்தன. உடைந்ததும் பட்டனை அமுக்குவான், அடுத்ததைத் தொடங்குவான். வாயில் ஏதோ ஒரு பாட்டு.

“இவனுக்குப் போயிடுச்சு,” என்றார் நஸீமா.

பிறகு பெனிட்டாவிடம் திரும்பினார்.

“உனக்குக் கடைவாயில சொத்தை இருக்குல்ல? அந்த சேர்ல ஏறிப் படு. துரைப்பாண்டி, வா. நீயே பண்ணிடு.”

“சரி மேடம்.”

அவன் கையுறையை மாட்டிக்கொண்டான். எந்தப் பல் என்று கேட்டான். எக்ஸ்ரே எடுத்தாயிற்றா என்று கேட்கவில்லை.

நாற்காலி பின்னால் சாய்ந்தது. விளக்கு முகத்துக்கு நேரே வந்தது. பெனிட்டா வாயைத் திறந்தாள்.

கருவி கீச்சென்று சுழலத் தொடங்கியது. அந்தச் சத்தம் மண்டைக்குள்ளிருந்தே வருவதுபோல் இருந்தது. அவள் அவன் கண்களைப் பார்த்தாள். அவை அவளைப் பார்க்கவில்லை. முகமூடிக்குள் இன்னும் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

தண்ணீர்த் துளி ஒன்று அவள் உதட்டில் தெறித்தது.

சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம்! வேண்டாம் மேடம்!”

கருவி நின்றது.

நஸீமா குனிந்து கேட்டார்.

“ஏம்மா? அவன் கை கொஞ்சம்கூட நடுங்கலையே?”

“அதுதான் மேடம் பயமா இருக்கு.”