ஒரு போடு போடுங்க

கோயமுத்தூர் என்ஜின் கம்பெனி ஒன்றில் லேத் மெஷின் சீவித்தள்ளும் இரும்புச் சுருளை அள்ளுகிறவள் மாராத்தாள். ஒருநாள் சரக்கு விற்கவந்த சபாபதி, என்ஜினுக்குள் பிஸ்டனின் அடியைத் தாங்கும் கனெக்டிங் ராடு ஒன்றைப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து முதலாளி முன்னால் வைத்தார். "காய்ச்சி அடிச்ச எஃகு! சர்டிபிகேட் இருக்கு!"

மாராத்தாள் அதை ஸ்பேனரால் தட்டினாள். மணிபோல ஒலிக்காமல் மொத்தென்றது.

"இது வார்ப்பிரும்புங்க. ஓடறப்பவே ஒடஞ்சு என்ஜினையே ஓட்டை போட்டுரும்."

சபாபதி சீறினார்: "குப்பை அள்ளுறவ எனக்குச் சொல்றதா? லேபுக்கு அனுப்பாம இப்பவே நிரூபி பாக்கலாம்!"

அவள் பழைய எஃகு ராடு ஒன்றைப் பட்டறைக்கல்லில் சாய்த்துவைத்து, சம்மட்டியால் ஓங்கிப் போட்டாள். லேசாக வளைந்ததே தவிர ஒடியவில்லை. பிறகு சம்மட்டியைச் சபாபதியிடம் நீட்டினாள்.

"உங்க ராடுங்க. நீங்களே ஒரு போடு போடுங்க."

சபாபதி ராடைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டார்.

மாராத்தாள் முதலாளி பக்கம் திரும்பி, நிமிர்ந்து நின்று கேட்டாள்: "ஒரே அடிக்குப் பயப்படுற ராடு, நிமிசத்துக்கு ஆயிரத்தைந்நூறு அடி எப்படிங்க தாங்கும்?"