ரோபோ நின்ற இடம்

குமரகுருபரன் தூத்துக்குடியில் வயிற்றைத் திறந்து அறுவை செய்தே பேர் வாங்கியவர். ரோபோ வந்த பிறகு தன் கைக்கு இனி வேலையில்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மதுரைக்கு வந்து, தன்னைவிடப் பத்து வயது இளையவரான டாக்டர் ஹாஜிராவிடம் ரோபோ அறுவை கற்க மாணவராகச் சேர்ந்தார்.

வந்த அன்றே கேட்டார்: "வயித்தத் திறக்காம எல்லாத்தையும் ரோபோவுலயே முடிக்கிற அளவுக்கு நான் எப்ப வருவேன் மேடம்?"

"நாளைக்கு ஒரு கேஸ் இருக்கு. கூட நில்லுங்க சார்."

நோயாளி சவரிமுத்து, மணப்பாட்டு மீனவர். மலக்குடலில் முற்றிய புற்று. கதிர்வீச்சு கொடுத்தும் கட்டி இடுப்புச் சுவரை விடவில்லை. அன்று மாலை அவர் குமரகுருபரனின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆயுசுக்கும் வயித்துல மலம் போற பை மாட்டுனாலும் சரி சார். கட்டிய மட்டும் மிச்சம் வச்சிராதீங்க."

மறுநாள் ஹாஜிரா ரோபோவை இயக்கும் இருக்கையில் உட்கார்ந்து, திரைக்குள் முகம் புதைத்தார். குறுகிய இடுப்புக்குழிக்குள் ரோபோவின் கைகள் வளைந்து வளைந்து போயின. மூத்திரப்பைக்குப் போகும் நரம்புகள் கீறல்கூடப் படாமல் விலகின. தன் கை ஒருநாளும் இப்படிப் போனதில்லை என்று குமரகுருபரன் நினைத்துக்கொண்டார்.

அடியில், இடதுபக்கம், எல்லாம் வெளுத்து இறுகிக் கிடந்தது. ஹாஜிரா நிறுத்தினார்.

"சார், இது கட்டியா, கதிர்வீச்சுத் தழும்பா?"

"பாத்துச் சொல்ல முடியல மேடம்."

"எனக்கும்தான்." எழுந்துவிட்டார். "ரோபோவுல தொட்டுப் பாக்க முடியாது. கழட்டுங்க. திறந்துடலாம். கை கழுவிட்டு வாங்க சார்."

வயிற்றைத் திறந்ததும் குமரகுருபரன் விரலை உள்ளே விட்டுத் தடவினார். அவரை அறியாமலே கண்கள் மூடிக்கொண்டன.

"இங்க கல்லு மாதிரி இருக்கு. கட்டிதான். ஒரு விரல் தள்ளி வெட்டணும்."

"வெட்டுங்க."

கட்டி முழுசாக வந்தது. வெட்டிய ஓரத்தில் புற்று இல்லை என்று பரிசோதனையும் சொன்னது. சவரிமுத்து பையோடுதான் ஊருக்குக் கிளம்பினார்; ஆனால் மூத்திரம் தடையில்லாமல் போனது.

அவரை அனுப்பிவிட்டுத் திரும்பும்போது குமரகுருபரன் கேட்டார்:

"பாதியில எழுந்திரிச்சது உங்களுக்கு வருத்தமா இல்லையா மேடம்?"

"கட்டி மிச்சமிருந்தா வருத்தப்பட்டிருப்பேன்."

கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"ரோபோவுல உட்கார எனக்கு எப்பச் சொல்லித் தருவீங்க?"

"எழுந்திரிக்கத் தெரிஞ்சுக்கிட்டீங்கல்ல," என்றார் ஹாஜிரா. "நாளைக்கு வந்து உட்காருங்க."