இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே மாத்திரை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. வேலம்மாள் முந்தானைக்குள் முணுமுணுத்த ஒரு பேச்சு இதில் வருகிறது. அதைக் காதில் வாங்காவிட்டால் முடிச்சு அவிழாது.

கழுகுமலைப் பக்கம் ஓர் ஊர். வேலம்மாளின் புருஷன் சண்முகையாவுக்கு ரோட்டோரம் பஞ்சர் கடை. ஒரே பிரசவத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகள், சுதர்சனும் சுபிக்ஷாவும், பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தார்கள். அவர்கள் டியூஷன் போய்வந்த வேன் ஒரு மழை நாளில் கண்மாய்க்குள் சரிந்தது. பிள்ளைகள் காயமில்லாமல் கரையேறினார்கள். பயமும் கூடவே ஏறி வந்தது. குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கே இருவருக்கும் நெஞ்சு படபடத்தது. தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை.

மனநல டாக்டர் இருவருக்கும் ஒரே மாத்திரையைத்தான் எழுதினார். தினம் ஒன்று, நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். வேலம்மாள் அதைக் கொண்டுபோய்ச் சாமி அலமாரியில், முருகன் படத்துக்கு முன்னால் வைத்தாள். டாக்டர் பாதி, சாமி பாதி என்பது அவள் நம்பிக்கை. பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றி, பிள்ளைகளுக்குத் திருநீறு பூசி, ஆளுக்கொரு மாத்திரை கையில் வைப்பாள்.

சுதர்சன் தேறினான், கிணற்றில் குதித்து நீந்துகிற அளவுக்கு. சுபிக்ஷாவும் தேறுவாள், ஆனால் மாதத்துக்கு ஒருமுறை தலை சுற்றும், காரணமில்லாமல் அழுகை வரும், படபடப்பு திரும்பிவிடும். அவள் வீட்டுக்குத் தூரமாகி, பின்பக்கத் தாழ்வாரத்தில் தனித் தட்டோடு உட்காருகிற நாட்களை ஒட்டியே அது வந்தது.

சண்முகையாவின் அக்காள் பொன்னுலட்சுமிக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "வயசுப் பிள்ளைன்னா அப்படித்தான். எனக்கும் அந்த வயசுல நெஞ்சு அடிச்சுக்கிட்டுத்தான் கெடந்துச்சு. கலியாணத்தப் பண்ணி வச்சாங்க, பயமெல்லாம் எங்க வீட்டுக்காரருக்கு மாறிருச்சு" என்று சிரித்தாள். சண்முகையா சிரிக்கவில்லை. பெண் உடம்பு இந்த மருந்தைத் தாங்காது, இன்னொரு தரம் விழுந்தால் மருந்தோடு பள்ளிக்கூடத்தையும் நிறுத்திவிடுவேன் என்றான். சுபிக்ஷா அப்பா நகரும்வரை காத்திருந்தாள். அம்மாவிடம் மட்டும், "பரீட்சை எழுதணும்மா" என்றாள்.

மறுபடி டாக்டரிடம் போனார்கள். மாத்திரையை ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா என்று அவர் கேட்டார். புருஷன் பக்கத்தில் நின்றதால் வேலம்மாள் முதல் பாதியை முந்தானைக்குள் சொன்னாள், மறுபாதியை வாய்விட்டுச் சொன்னாள்.

"சுத்தமா இருக்கிற நாள்ல... ஒருநாளும் தவறினதில்லைங்க, டாக்டர்."

அவர் காதில் விழுந்தது பின்பாதிதான். அளவு போதவில்லை போலிருக்கிறது என்று மகளுக்கு மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

இப்படியிருக்கையில் பங்காளி வீட்டில் ஒரு பெரியவர் காலமானார். காரியம் முடிகிறவரை இந்த வீட்டுக்கும் தீட்டு. விளக்கு கிடையாது, சாமி அலமாரிக்குத் திரை போட்டாயிற்று. அந்த நாட்களில் சுபிக்ஷா சுருண்டு படுத்தாள். அவள் தூரமாகிற நாள் இன்னும் வந்திருக்கவில்லை. "படிப்பு முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுச் சண்முகையா கடைக்குப் போனான்.

மறுநாள் சுதர்சன் விழுந்தான். அதே தலைச்சுற்றல், அதே அழுகை. சண்முகையா கடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தான். மகன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு முதல் கேள்வியாக, "மாத்திரை போட்டியாடா?" என்றான்.

தண்ணீர்ச் செம்போடு வந்த வேலம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் கேள்வியை அந்த வீட்டில் மகளிடம் யாரும் கேட்டதில்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பெண் உடம்புக்கு ஆகாது என்றான் தகப்பன். வயசு அப்படி என்றாள் அத்தை. அளவு போதாது என்றார் டாக்டர். இந்த மூவரில் யார் சொன்னது சரி? செம்போடு நின்றவள் எதைக் கண்டுகொண்டாள்?

மூவர் சொன்னதும் சரியில்லை. உடம்பிலும் குற்றமில்லை, மருந்திலும் குற்றமில்லை. மருந்து இருந்த இடத்தில்தான் வினை. தூரமான பெண் சாமி அலமாரிப் பக்கம் போகக் கூடாது, அங்கிருந்து எடுத்ததை அவள் கையில் கொடுக்கவும் கூடாது. ஆகவே மாதாமாதம் அவளுக்கு மாத்திரை நின்றது. தீட்டு வந்து விளக்கு நின்றபோது மகனுக்கும் நின்றது, அவனும் விழுந்தான். வேலம்மாள் போனை எடுத்தாள். புருஷன் காதில் விழும்படியே, இந்தத் தரம் முழுதையும் வாய்விட்டுச் சொன்னாள்: "அவ வீட்டுக்குத் தூரமா இருக்கிற நாளெல்லாம் மாத்திரை குடுக்கலை, டாக்டர். இப்பத் தீட்டுல ரெண்டு பேருக்குமே குடுக்கலை. நான்தான் குடுக்கலை." கூட்டியதை விட்டுவிட்டுப் பழைய அளவிலேயே இருவருக்கும் தொடங்குங்கள் என்றார் அவர். "தீட்டோட அலமாரியத் தொடுறியே" என்று பொன்னுலட்சுமி தடுத்தாள். வேலம்மாள் திரையை விலக்கி, மாத்திரை டப்பாவை எடுத்துவந்து, எந்த நாளும் எல்லார் கையும் போகிற இடத்தில், தாழ்வாரத்து மாடத்தில் சீப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைத்தாள். மகனுக்காகச் சண்முகையா கையை நீட்டினான். அவள் முதல் மாத்திரையைப் பிரித்து மகள் உள்ளங்கையில் வைத்தாள்.