நாரையின் தூக்கிய கால்

அந்தக் காலத்தில், பறப்பதும் நீந்துவதும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, நாரைக்கு முதலில் துரோகம் செய்தது ஆமைதான். நரி வந்தது அப்புறம்.

அதற்கு முன்னால் எவ்வளவு நல்ல நாட்கள்! நாரை ஏரியில் இரண்டு காலையும் ஊன்றி நிற்கும். நெஞ்சின் சூட்டை இரத்தம் கால்விரல் வரை கொண்டுபோய்க் கொடுக்கும். பக்கத்தில் ஆமை மிதக்கும். பொழுது சாயும்வரை மீன்களைப் பற்றி இரண்டும் புறம் பேசும். அந்தச் சிரிப்பில் நாரைக்குப் பசியே தெரியாது.

ஒரு மார்கழியில் மூன்று நாள் வெயில் வரவில்லை. ஆமை விறைத்துப்போய் வந்தது.

“மச்சான், உன் காலை என் முதுகில் வை. கொஞ்சம் சூடு கொடு. வெயில் வந்ததும் நன்றாகக் காய்ந்து வந்து உன் காலடியில் படுக்கிறேன். சூட்டைத் திருப்பி எடுத்துக்கொள்.”

“தருவாயா?”

“என்னடா கேள்வி இது? நேற்று இன்று பழக்கமா நமக்கு?”

நாரை இரண்டு காலையும் ஓட்டின்மேல் வைத்தது. சூடு இறங்கியது.

“போதுமா?”

“இன்னும் கொஞ்சம், மச்சான்.”

நாரையின் கால்கள் மரத்தன. இறக்கை கனத்தது. அப்போது கரை நாணலில் நரி தலை தூக்கியது. ஆமை சட்டென்று மூழ்கிவிட்டது.

“அண்ணே, நிற்கிறீர்களா, நட்டு வைத்திருக்கிறார்களா?” என்று கேட்டுக்கொண்டே நரி தண்ணீரில் இறங்கியது.

நாரையால் பறக்க முடியவில்லை. நரியின் மூச்சு மேலே பட்டது. அந்த நொடியில், நாரையைக் கேட்காமலே ஒரு காலின் சதை சுண்டி இழுத்தது. கால் மடங்கி வயிற்று இறகுக்குள் போனது. அதில் தேங்கி நின்ற இரத்தம் நெஞ்சுக்கு ஏறியது. சதை இறுகி, அதை மறுபடி இறங்கவிடவில்லை. நெஞ்சு சூடேறி இறக்கை விரிந்தது. நரியின் வாயில் மிஞ்சியது ஒரு வால் இறகு.

‘எனக்கு முன்னால் என் காலுக்குப் புத்தி வந்துவிட்டதே!’ என்று நினைத்துக்கொண்டு நாரை பறந்தது.

மறுநாள் வெயில் வந்தது. ஆமை கரையில் காய்ந்துகொண்டிருந்தது. நாரை போய்க் கேட்டது.

“எந்தச் சூடு?” என்று ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

நாரை ஓட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தது. “சூடு கிடக்கட்டும்டா. வெளியே வந்து பேசவாவது செய்.”



அன்று முதல்தான் நாரை ஒற்றைக் காலில் நிற்கிறது. கண் அயர்ந்தாலும் தூக்கிய காலைச் சதை கீழே விடாது; ஓய்ந்த காலுக்கு இரத்தத்தையும் கொஞ்சமாகத்தான் விடும். ஊன்றிய கால் மட்டும் தண்ணீரில் நிற்கிறது. ஆமையிடமிருந்து அந்தச் சூடு இன்னும் வரவேண்டியிருக்கிறது.