பதினொரு கட்டளைகள்

அன்று கோவில்பட்டி மாடிக்கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். எஸ்தர் டீச்சர், அவரிடம் லினக்ஸ் கற்றுக்கொண்டிருந்த நெல்லையப்பன், ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வடிவு, விசைப்பலகை பழகிக்கொண்டிருந்த காதர் மைதீனும் இருளப்பனும். டீ கொண்டுவந்தவர் வாசலோடு திரும்பிவிட்டதால் அவரைச் சேர்க்கவில்லை.

ஐந்து பேரில் கண் தெரிந்தவர் நெல்லையப்பன் ஒருவர்தான். பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சரைவிட இருபது வயது மூத்தவர். பழைய கணினிகளைச் சேகரித்து, லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தைப் போட்டு, திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளையும் சேர்த்துப் பார்வையற்றவர்களுக்குக் கொடுப்பது அந்தக் கூடத்தின் வேலை. அதைத்தான் அவர் டீச்சரிடம் பழகிவந்தார்.

வடிவுக்கு அன்று ஒரு சோதனை. மருத்துவர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளை எழுத்தாக்கித் தரும் நிறுவனம் ஒன்று அவளுக்கு மூன்று பதிவுகள் அனுப்பியிருந்தது. மூன்றையும் மாலை ஐந்து மணிக்குள் எழுதி அனுப்ப வேண்டும். சரியாக இருந்தால் மாதச் சம்பளத்தில் வேலை. வீட்டில் இணையம் விட்டு விட்டு வருவதால் கூடம் கொடுத்த மடிக்கணினியோடு அங்கே வந்திருந்தாள். யாரிடமும் எந்த உதவியும் கேட்கவில்லை.

மதியம் அவள் சாப்பிடக் கீழே போனாள். கணினி மேஜைமேல் திறந்தபடி இருந்தது. நெல்லையப்பன் போகிற போக்கில் ஒரு விசையைத் தட்டினார். விசையின் பெயரைச் சொல்லும் குரல் வரவில்லை. இன்னொன்றைத் தட்டினார். அதற்கும் இல்லை.

நல்ல நாளும் அதுவுமாக இந்தப் பிள்ளையின் கணினி இப்படி வாயடைத்துப் போயிற்றே என்று அவருக்கு மனம் இளகிவிட்டது. வருவதற்குள் சரிசெய்து வைப்போம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கணினியில் ஒலிக்கென்று இருப்பது சவுண்ட் கார்டு. அதை வேலை வாங்கும் நிரல் டிரைவர். டிரைவரில்தான் கோளாறு என்று முடிவுகட்டி இணையத்தில் தேடினார். எத்தனையோ பேர் எத்தனையோ எழுதியிருந்தார்கள். ஒருவர் சொன்ன கட்டளையை அப்படியே எடுத்து ஒட்டினார். பலிக்கவில்லை. அடுத்தவர் சொன்னதை ஒட்டினார். ஒன்று ஏதோ ஒரு கோப்பில் ஒரு வரியைச் சேர்த்தது. இன்னொன்று எதையோ நீக்கியது. கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டார். ஒலி அமைப்பைத் திறந்து பார்த்தால் சவுண்ட் கார்டின் பெயரே இல்லை. அந்த இடத்தில் ‘டம்மி அவுட்புட்’ என்று ஒரு பொம்மைக் கருவியின் பெயர்தான் இருந்தது.

அவர் வியர்வையைத் துடைக்கவும் வடிவு மேலே வரவும் சரியாக இருந்தது.

“நான் உக்காரட்டுமா அண்ணாச்சி?”

“ஒரு நிமிஷம் தாயி. உன் மிஷின் ஊமையா இருந்துச்சு. சரி பண்ணிக்கிட்டிருக்கேன்.”

“ஊமையா? காலையில ரெண்டு பதிவு கேட்டு எழுதினேனே.”

கழுத்தில் தொங்கிய ஹெட்போனைத் தூக்கிக் காட்டினாள். சாப்பிடப் போகும்போதும் அதைக் கழற்றியிருக்கவில்லை.

“ஸ்பீக்கரை நான்தான் அடைச்சு வெச்சிருக்கேன். நோயாளிங்க பேரெல்லாம் வரும். நாலு பேர் காதுல விழக் கூடாதுல்ல?”

நெல்லையப்பன் எழுந்து இடம் விட்டார். அவள் ஹெட்போனைச் செருகி ஒரு விசையைத் தட்டினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். மறுபடி தட்டினாள்.

“அண்ணாச்சி, இப்பதான் ஊமையா இருக்கு.”

அடுத்த மேஜையில் காதர் மைதீன் சிரித்தான். “நல்லா ஓடிக்கிட்டிருந்த பஸ்ஸை நிறுத்தி டயரைக் கழத்திட்டாரா கண்டக்டர்?”

வடிவு சிரிக்கவில்லை. அவள் கை விசைப்பலகைமேல் அப்படியே நின்றது.

எஸ்தர் டீச்சர் மேஜைகளைத் தொட்டபடி வந்தார்.

“மணி என்ன?”

“மூணு ஆகப்போகுது டீச்சர்,” என்றார் நெல்லையப்பன்.

“எவ்வளவு பாக்கி இருக்கு வடிவு?”

“ஒரு பதிவு. அதுதான் நீளமானது. ஒரு மணி நேரமாவது வேணும்.”

டீச்சர் நெல்லையப்பன் பக்கம் திரும்பினார். “எத்தனை கட்டளை போட்டீங்க?”

“பதினொண்ணு.” எண்ணிக்கையில் மட்டும் அவர் தவறுவதில்லை.

“ஒவ்வொண்ணும் என்ன செஞ்சுச்சுன்னு தெரியுமா?”

“நாலுக்குத் தெரியும்.”

“மத்த ஏழு?”

“இணையத்துல ஒருத்தர் போடச் சொன்னார். நன்றின்னு கீழே நாப்பது பேர் எழுதியிருந்தாங்க.”

“அது அந்த நாப்பது பேர் மிஷினுக்கு.”

நெல்லையப்பன் மேஜையருகே குனிந்தார். “டீச்சர், எல்லாத்தையும் அழிச்சிட்டு லினக்ஸைப் புதுசாப் போட்டுடறேன். முக்கால் மணி நேரத்துல முடிச்சிடலாம்.”

“ஐயோ, காலையில எழுதின ரெண்டும் அதுலதான் இருக்கு,” என்றாள் வடிவு.

“அதை வேற இடத்துல எடுத்து வெச்சுக்கலாம் தாயி.”

“வேண்டாம்,” என்றார் டீச்சர். “புதுசாப் போட்டா பேசுமான்னு நமக்குத் தெரியாது. காலையில இருந்த மாதிரி இருந்தா பேசும். அது வடிவுக்குத் தெரியும். அங்கேயே போயிடுவோம்.”

“எப்படிப் போறது?”

“வந்த வழியாத்தான். இப்ப நிக்கிற இடத்துலேர்ந்து.”

வடிவு எழுந்து நெல்லையப்பனை உட்காரவிட்டாள்; டீச்சர் அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மேல்நோக்கிய அம்புக்குறி விசையை அழுத்தினால் கடைசியாகப் போட்ட கட்டளை திரையில் வரும். மறுபடி அழுத்தினால் அதற்கு முந்தியது வரும்.

“அழுத்துங்க. படிங்க.”

நெல்லையப்பன் எழுத்தெழுத்தாகப் படித்தார்.

“இது என்ன செஞ்சிருக்கும்?”

“ஒரு டிரைவரை ஏத்தக் கூடாதுன்னு தடை போட்டிருக்கு.”

“எந்த டிரைவரை?”

அவர் திரைக்கு அருகில் குனிந்து பார்த்தார். “சவுண்ட் கார்டு டிரைவரைத்தான்.”

“டிரைவரையே இறக்கி விட்டுட்டு விசில் ஊதியிருக்காரு!” என்றான் இருளப்பன். இந்தத் தடவை வடிவும் சிரித்துவிட்டாள்.

“எடுங்க,” என்றார் டீச்சர்.

அந்த வரியை எடுத்தார். அடுத்ததைப் படித்தார். அதையும் எடுத்தார். நீக்கிய மென்பொருளைத் திரும்பப் போட்டார். தெரியாத கட்டளை வந்தபோதெல்லாம் டீச்சர் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லி, அது எந்தக் கோப்பைத் தொட்டிருக்கும் என்று சொன்னார். நெல்லையப்பன் அந்தக் கோப்பைத் திறந்தால் அங்கே அவர் சேர்த்த வரி இருந்தது.

ஆறாவதில் அவர் நின்றார். “டீச்சர், இந்த இடத்துல ஒண்ணே ஒண்ணு மட்டும் சேர்த்தா...”

“சேர்க்கறதா, எடுக்கறதா?”

“எடுக்கறதுதான்,” என்று சொல்லி எடுத்தார்.

எட்டாவது சிக்கலாக இருந்தது. மூன்று கோப்புகளைத் தொட்டிருந்தது. மணியைப் பார்த்ததும் அவருக்கு எரிச்சல் வந்தது. “இந்த டிரைவரை எழுதினவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா!”

“கிடைச்சா ஒரு டீ வாங்கிக் கொடுங்க அண்ணாச்சி,” என்றார் டீச்சர். “அவர் இந்த மிஷினைப் பார்த்ததில்ல. வடிவையும் பார்த்ததில்ல. எந்த ஊரோ, யாரோ. ஒத்தைப் பைசா கேக்காம எழுதி வெச்சிருக்கார். காலையில இது பேசினது அவரால.”

நெல்லையப்பன் அதற்குமேல் யாரையும் திட்டவில்லை.

பதினொன்றையும் எடுத்தபின் கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டார். வடிவு திரும்ப உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கணினி உயிர் பெற்று முதல் வார்த்தை பேசியதும், கேட்டவர்கள் அதற்கு வணக்கம் சொல்வார்கள். யார் தொடங்கியது என்று தெரியாது. ஆனால் அன்று அது பேசினால் வடிவின் காதில் மட்டும்தான் பேசும். மற்ற நால்வரும் அவள் இருந்த பக்கமாகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். நெல்லையப்பன் திரையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“வணக்கம்,” என்றாள் வடிவு.

“வணக்கம்!” என்றார்கள் எல்லோரும்.

அவள் உடனே மூன்றாவது பதிவைத் தொடங்கினாள். நிறுத்துவதும் திரும்பக் கேட்பதும் தட்டுவதுமாக அவள் விரல்கள் ஓடின. காதரும் இருளப்பனும் தங்கள் விசைப்பலகைகளை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தார்கள். நெல்லையப்பன் நாற்காலி கிறீச்சிடுமோ என்று பயந்து நின்றுகொண்டே இருந்தார்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. கேட்டவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

“திங்கக்கிழமையிலேர்ந்து பதிவு அனுப்புறாங்களாம் டீச்சர்.”

காதர் மேஜையைத் தட்டித் தாளம் போட்டான். டீச்சர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

“அண்ணாச்சி எங்கே?” என்று வடிவு கையை நீட்டினாள். அவர் தயங்கி விரலைக் கொடுத்தார். அவள் கையாகவே பிடித்துக்கொண்டாள். “நன்றி அண்ணாச்சி.”

“எனக்கு எதுக்கு நன்றி? உன் சோத்துல மண்ணள்ளிப் போடப் பாத்தேனே.”

“நீங்க சாப்பிடக்கூடப் போகல. டீயும் ஆறிக் கெடக்குன்னு இருளப்பன் சொன்னான். எனக்காகத்தானே உக்காந்தீங்க? அதுக்குத்தான்.” பிறகு சிரித்தாள். “அடுத்த தடவை ஒரு வார்த்தை கேட்டுட்டு உக்காருங்க.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது யாருக்கும் தெரியாது என்பது அவருக்கு வசதியாக இருந்தது.

வடிவும் காதரும் இருளப்பனும் கீழே இறங்கிப் போனார்கள். நெல்லையப்பன் ஜன்னல்களைச் சாத்திவிட்டு டீச்சர் முன்னால் வந்து நின்றார்.

“டீச்சர், பதினொண்ணு போட்டேன். பதினொண்ணையும் எடுத்தேன். இன்னிக்கு நான் பார்த்த வேலை சைபர்.”

“இல்ல அண்ணாச்சி,” என்றார் எஸ்தர் டீச்சர். “மத்தியானம் நீங்க உக்காரும்போது அந்த மிஷின் நல்லாப் பேசும்னு உங்களுக்குத் தெரியாது. இப்பத் தெரியும். மிச்சம் ஒண்ணு.”