உப்பளத்து வாசலில் கால் கழுவிய மந்திரி

முன்னொரு காலத்தில், கடற்கரை நெடுக உப்பு விளைந்த ஒரு நாட்டைக் கீர்த்திமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் அடுத்தவர் கலத்தில் இருப்பது தன் கலத்தில் இல்லையென்றால் அவருக்குத் தூக்கம் வராது.

ஒருமுறை வேட்டையில் வழி தவறி, பசியோடு உப்பளத்துப் பக்கம் ஒதுங்கினார். உப்பு வாரும் சடைச்சி என்பவள், வந்தவர் யாரென்றுகூடக் கேட்காமல் தன் கலயத்துக் கஞ்சியில் ஒரு கல் உப்பைப் போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். ராஜா கலயத்தை வழித்துக் குடித்தார். அரண்மனைக்குத் திரும்பிய பிறகு அவருக்குக் குழம்பும் பிடிக்கவில்லை, பாயசமும் பிடிக்கவில்லை.

சபையைக் கூட்டினார். "உப்பு வாருகிறவள் குடிக்கும் கஞ்சியில் உள்ள ருசி, நாட்டை ஆளும் எமக்கு ஏன் வாய்க்கவில்லை? யாராவது சொல்லுங்கள்."

மந்திரி வச்சிரபாகு எழுந்தார். உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த வணிகக் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஊருக்கு இருந்த ஒரே நல்ல தண்ணீர்க் கிணற்றை, தன் வண்டி மாடுகளுக்கு வேண்டுமென்று உப்பளத்தோடு சேர்த்து வேலி போட்டு அடைத்து, பூட்டும் போட்டவரும் அவர்தான். அன்று முதல் ஊர்ப் பெண்கள் ஒரு குடம் தண்ணீருக்காக மலையடிவாரம் வரை நடந்தார்கள்.

இவ்வளவு இருந்தும் மந்திரிக்கு ஒரு வயிற்றெரிச்சல். ராஜா தினமும் சாப்பிட்டு எழுந்ததும் ஒரு வெற்றிலையை இரண்டாகக் கிழித்து, பாதியை அரண்மனை விகடக்காரன் மருதக்கூத்தனுக்குக் கொடுப்பார். மந்திரி வீட்டில் வெள்ளித் தட்டு நிறைய வெற்றிலை உண்டு. ஆனாலும் அந்தப் பாதி வெற்றிலையை நினைத்து நினைத்தே மனிதர் இளைத்துப்போனார். பொறாமைக்குக் கணக்கா வழக்கா?

"அரசே, உப்பளத்து மக்கள் வேலை முடிந்து போகையில் ஆளுக்கொரு பிடி உப்பை மடியில் கட்டிக்கொண்டு போகிறார்கள். கேட்டால் தொன்றுதொட்ட வழக்கம் என்கிறார்கள். நல்ல உப்பு அவர்கள் அடுப்படிக்குப் போகிறது. கழிவுதான் தங்கள் அடுக்களைக்கு வருகிறது" என்றார்.

ராஜாவின் முகம் சிவந்தது. "இனி ஒரு கல் உப்பும் அந்த வேலியைத் தாண்டக் கூடாது."

"ஆணையில் ஓட்டை இருக்கலாகாது, அரசே. 'யாராக இருந்தாலும், எதில் ஒட்டியிருந்தாலும்' என்றும் சேர்த்துவிடுங்கள். காவலுக்கு மருதக்கூத்தரைவிடக் கூர்மையான கண் யாருக்கு உண்டு? ஒரு கல் வேலி தாண்டினாலும் அவர் நாட்டைத் தாண்டிப் போய்விடட்டும்."

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் குதிகால், நகக்கண், சேலைக்கரை எல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கும். வாசலுக்கு வெளியே ஒரு குதிகாலைச் சுரண்டிக் காட்டினால் விகடக்காரன் ஒழிந்தான் என்பது மந்திரியின் கணக்கு.

ராஜா அப்படியே ஆணையிட்டார். மருதக்கூத்தன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தங்கள் ஆணைப்படியே, அரசே" என்று மட்டும் சொன்னான்.

அன்று சாயங்காலம் அவன் உப்பளத்து வாசலில் நின்றான். முதலில் வந்தவள் சடைச்சி.

"நில்லம்மா. மடியில் என்ன?"

"மடியில ஒண்ணுமில்லய்யா. அதான் ஒரு பிடி உப்புக்கும் வழியில்லாம பண்ணிட்டீகளே."

"காலில் வெள்ளையாக இருக்கிறதே. அது ராஜாவின் உப்பு. கழுவிவிட்டுப் போ."

குழுவின் கங்காணி மாசானம் ஓடி வந்து, "அந்தா ஓடையில தண்ணி கெடக்கு, எல்லாரும் போய்க் கழுவிட்டு வாங்க" என்று விரட்டினான். கடலிலிருந்து பாத்திக்கு வரும் ஓடை அது. எல்லோரும் கழுவிவிட்டு வாசலுக்கு வருவதற்குள் ஈரம் காய்ந்து, கால் முன்னைவிட வெள்ளையாகப் பூத்துவிட்டது.

"உப்புத் தண்ணியில கழுவுனா உப்பு போவுமாய்யா? நல்ல தண்ணி வேணும்" என்றாள் சடைச்சி.

மருதக்கூத்தன் கங்காணியிடம், "கிணற்றுப் பூட்டைத் திற" என்றான்.

"மந்திரி என்னைய உரிச்சுப்போடுவாரு."

"திறக்காவிட்டால் ராஜாவின் ஆணையை நீ தடுத்ததாகும். யாரிடம் உரிபட விருப்பம்?"

பூட்டு திறந்தது. கிணற்றடியில் கழுவினார்கள். ஆனால் கிணற்றிலிருந்து வாசல் வரை நடப்பதும் உப்புத் தரையில்தானே? மறுபடியும் காலில் ஒட்டியது. அதனால் ஆளுக்கொரு குடம் தண்ணீரை வாசலுக்கே கொண்டுவந்து, அங்கே கால் கழுவி, ஈரக்காலோடு வேலியைத் தாண்டச் சொன்னான் மருதக்கூத்தன். கால் கழுவ இரண்டு கை தண்ணீர் போதும். மிச்சம் குடத்தில் இருந்தது.

"இந்தத் தண்ணிய என்ன செய்ய?" என்றாள் சடைச்சி.

"உப்புக்குத்தான் தடை. நல்ல தண்ணீருக்கு இல்லை. வீட்டுக்குக் கொண்டு போ."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் காலை குழுவின் உப்பு வண்டிகள் வரிசையாக வாசலுக்கு வந்தன. மருதக்கூத்தன் குறுக்கே நின்றான். "யாராக இருந்தாலும், எதில் ஒட்டியிருந்தாலும்" என்றான். வண்டிகள் திரும்பின.

சில நாளில் அரண்மனை அடுக்களையில் உப்பு தீர்ந்தது. ராஜா ரசத்தைத் துப்பிவிட்டுத் தேரேறினார். மந்திரியும் கூடவே போனார். உப்பளத்தில் இறங்கியதும் அவர் ராஜாவை வாசலில் நிறுத்திவிட்டு, பட்டு வேட்டி தரையில் புரள உள்ளே ஓடினார். ஒரு குதிகாலையாவது பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம். வாசலில் கால் கழுவிவிட்டு வேலியைத் தாண்டவிருந்த ஒவ்வொருவர் காலாகக் குனிந்து பார்த்தார். எல்லாம் பளிச்சென்று இருந்தன. வெறுங்கையோடு திரும்பியவரை மருதக்கூத்தன் மறித்தான்.

"மந்திரியாரே, காலெல்லாம், வேட்டியெல்லாம் உப்பு. கழுவிவிட்டுத் தாண்டுங்கள்."

"என்னையா சொல்கிறாய்? இந்த உப்பளமே என் குத்தகை."

வாசலுக்கு வெளியே நின்ற ராஜா தொண்டையைச் செருமினார். "யாராக இருந்தாலும் என்று சேர்க்கச் சொன்னவர் நீர்தானே?"

சடைச்சி குடத்தைச் சாய்க்க, வச்சிரபாகு வேட்டியைத் தூக்கிப் பிடித்து ஒற்றைக் காலில் தள்ளாடிக் காலையும் வேட்டிக்கரையையும் கழுவிக்கொண்டார். ராஜாவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு, "பெண்ணே, அன்று கொடுத்த கஞ்சி இருக்கிறதா?" என்று கேட்டார்.

ஒரு வாய் குடித்தவர் முகத்தைச் சுளித்தார். "இது என்ன, அரண்மனைச் சாப்பாட்டைப்போலவே சப்பென்று இருக்கிறது?"

"அந்த ஒரு பிடி உப்ப நிறுத்திட்டீகளே மகாராசா. இப்ப ஒங்க வீட்டுச் சோறும் எங்க வீட்டுக் கஞ்சியும் ஒண்ணாப்போச்சு."

ராஜா கலயத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்தவள் கலயத்தில் இருந்த ருசியைப் பிடுங்கியாயிற்று. அது தன் கலத்துக்கு வந்து சேரவில்லை. வெட்கமாக இருந்தது அவருக்கு. குவியலிலிருந்து ஒரு கல் உப்பை எடுத்துவரச் சொல்லிக் கஞ்சியில் போட்டுக் குடித்தார். அன்றைய ருசி திரும்பி வந்தது.

"ஆணை ரத்து. இவர்களுக்குரிய பிடி உப்பு இவர்களுக்கே. மருதக்கூத்தா, உனக்கு என்ன வேண்டும்?"

"ஆணையில் பாதியை மட்டும் விட்டுவைக்க வேண்டும், அரசே. உப்பு வண்டி போகட்டும், மடி உப்பும் போகட்டும். ஆனால் மந்திரியார் பூட்டி வைத்திருந்த கிணற்றிலிருந்து ஆளுக்கொரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வாசலில் கால் கழுவாமல் யாரும் வெளியே போகக் கூடாது. என்றைக்கும்."

ராஜாவுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் சேர்ந்து வெடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்படியே ஆகட்டும். அந்தக் கிணற்றுக்கு இனிப் பூட்டும் இல்லை" என்றார்.

பிறகு வழக்கம்போல் ஒரு வெற்றிலையை எடுத்து இரண்டாகக் கிழித்தார். ஒரு பாதியை மருதக்கூத்தனிடம் கொடுத்தார். மறுபாதிக்காக, ஈர வேட்டியோடு நின்ற வச்சிரபாகு தன்னையறியாமல் கையை நீட்டிவிட்டார்.

ராஜா அதைச் சடைச்சியிடம் கொடுத்தார்.